ஏழாவது முறை எட்டிய சிகரம்: சுமை தூக்கிய டென்சிங் நோர்கேயின் வாழ்க்கை

சுங்கை லாலாங் பட்டணத்தில் நின்று வடமேற்கே பார்த்தால் குனோங் ஜெராய் தெரியும். பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலை என்றாலே அதுதான். விடியற்காலையில் பால்மரம் சீவப் போனவர்கள் அதன் உச்சியில் மேகம் கூடியிருப்பதைப் பார்த்தே மழை வருமா, வராதா என்று பேசிக்கொள்வார்கள்.

ஜெராயின் உயரம் 1,217 மீட்டர். அதைப் போன்ற ஏழு மலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய 8,500 மீட்டர் வரும். 1953-ஆம் ஆண்டு மே 28-ஆம் தேதி இரவு, இருவர் அந்த உயரத்தில் ஒரு சிறு கூடாரத்துக்குள் தூக்கமில்லாமல் கிடந்தார்கள். ஒருவர் நியூசிலாந்தைச் சேர்ந்த தேனீ வளர்ப்பவர் எட்மண்ட் ஹிலாரி. மற்றவர் டார்ஜிலிங்கிலிருந்து வந்த டென்சிங் நோர்கே. மறுநாள் காலை 11.30 மணிக்கு அவர்கள் எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியில் நின்றார்கள். அதற்கு முன் அங்கே ஏறித் திரும்பியதாக உறுதி செய்யப்பட்டவர் யாரும் இல்லை.

இந்தச் செய்தி பள்ளிக்கூடப் பாடத்திலேயே எல்லாருக்கும் தெரியும். ஆனால் டென்சிங்குக்கு அது ஏழாவது பயணம் என்பதும், அவர் அந்த மலைக்கு முதன்முதலில் மற்றவர்களின் மூட்டையைச் சுமக்கும் கூலியாகத்தான் போனார் என்பதும் பலர் அறியாத கதை. கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் அறிந்துகொள்ள வேண்டிய கதையும் அதுதான்.

யாக் மேய்த்த சிறுவன்

டென்சிங் 1914-ஆம் ஆண்டு பிறந்தார். எந்த நாளில் பிறந்தார் என்பதற்குப் பதிவு எதுவும் கிடையாது. பிற்காலத்தில், சிகரம் தொட்ட மே 29-ஆம் தேதியையே தமது பிறந்தநாளாக அவர் கொண்டாடினார். எவரெஸ்ட்டின் அடிவாரப் பகுதியில், யாக் மாடுகள் மேய்க்கும் ஏழைக் குடும்பத்தில் 13 பிள்ளைகளில் 11-ஆவதாகப் பிறந்தவர். உடன்பிறந்தவர்களில் பலர் சிறு வயதிலேயே இறந்துவிட்டனர். பெற்றோர் முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. ஒரு லாமாவின் சொற்படி அது டென்சிங் நோர்கே என்று மாறியது.

பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. கடைசி வரை எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. கையெழுத்து மட்டும் போடப் பழகினார். ஆனாலும் ஷெர்பா, நேப்பாளி, இந்தி, ஆங்கிலம் என்று பல மொழிகளில் பேசுவார்.

ஷெர்பா மக்கள் எவரெஸ்ட்டைச் சோமோலுங்மா என்று அழைப்பார்கள். எந்தப் பறவையும் பறந்து கடக்க முடியாத மலை அது என்று தாய் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர் டென்சிங். யாக் மேய்க்கும்போது தொலைவில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வெள்ளைக்காரர்களோடு மலையேறப் போன ஷெர்பாக்கள் திரும்பி வந்து சொன்ன கதைகளும் காதில் விழுந்தன. 1922-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் குழுவோடு போனவர்களில் ஏழு பேர் பனிச்சரிவில் இறந்துபோனார்கள். அந்தக் கதையைக் கேட்டும் அவருடைய ஆசை குறையவில்லை.

18 வயது வாக்கில் வீட்டை விட்டு டார்ஜிலிங்குக்குப் போய்ச் சேர்ந்தார். மலையேறும் குழுக்கள் ஆள் எடுக்கும் ஊர் அது. 1933-ஆம் ஆண்டு எவரெஸ்ட் குழுவில் சேரப் போனபோது அவரை எடுக்கவில்லை. முன் அனுபவச் சான்றிதழ் கையில் இல்லாத பையனை யார் எடுப்பார்கள்?

நாளுக்கு 12 அணா

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1935-இல், எரிக் ஷிப்டன் என்ற பிரிட்டிஷ் மலையேறி ஒரு குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார். வரிசையில் நின்றவர்களில் அனுபவமே இல்லாத டென்சிங்கும் ஒருவர். அவருடைய சிரித்த முகத்தைப் பார்த்துத்தான் ஷிப்டன் கடைசி நேரத்தில் அவரைச் சேர்த்துக்கொண்டார் என்பார்கள். கூலி நாளுக்கு 12 அணா. பனிக்கோட்டுக்கு மேலே போனால் ஒரு ரூபாய்.

அதே வடக்குப் பக்கமாக 1936-இலும் 1938-இலும் மறுபடி போனார். 1938-இல் சுமையோடு 8,000 மீட்டருக்கும் மேலே ஏறி, கடைசிக் கூடாரம் வரை போய்த் திரும்பினார். அதற்காக ஷெர்பாக்களில் சிறந்தவர்களுக்குத் தரப்படும் புலிப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்து வழக்கம் இதுதான். சுமை தூக்குபவர் கடைசிக் கூடாரம் வரை வருவார். சாமான்களை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். அதற்கு மேலே போகும் உரிமை துரைமார்களுக்கு மட்டுமே. மற்ற ஷெர்பாக்களில் பலருக்கு இது ஒரு வேலை; கூலி கிடைத்தால் போதும். டென்சிங்கோ உச்சி வரை போக ஆசைப்பட்டார். அந்த ஆசையை வெளியே சொன்னால் சிரித்திருப்பார்கள்.

பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. மலையேற்றமே நின்றுபோனது. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் சித்ராலில், இராணுவ அதிகாரிகளின் உணவு விடுதியில் அவர் வேலை பார்த்தார். அந்த ஆண்டுகளில் துயரம் அடுத்தடுத்து வந்தது. முதல் குழந்தையான மகன் நான்கு வயதில் இறந்தான். 1944-இல் மனைவி தாவா பூட்டியும் இறந்துபோனார். பெம் பெம், நீமா என்ற இரு பெண் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டார்ஜிலிங் திரும்பினார்.

அங்கே ஆங் லாமுவை மறுமணம் செய்துகொண்டார். டென்சிங்குக்கு வேலையில்லாத காலத்தில், துரைமார் வீடுகளில் ஆயா வேலை செய்து குடும்பத்தைக் காப்பாற்றியவர் அவர்தான். டென்சிங்கின் வெற்றியைப் பேசும்போது அந்த அம்மாவின் உழைப்பையும் சேர்த்துப் பேசுவதே நியாயம்.

திரும்பத் திரும்ப அதே மலை

1947-இல் ஏர்ல் டென்மன் என்ற கனடாக்காரர் வந்தார். கையில் போதிய பணம் இல்லை. திபெத்துக்குள் நுழைய அனுமதியும் இல்லை. பிடிபட்டால் சிறை. அறிவுள்ள எவரும் மறுத்திருக்க வேண்டிய பயணம் அது. எவரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் டென்சிங் கிளம்பிவிட்டார். குளிரும் காற்றும் அவர்களை விரட்டியடித்தன. அது நான்காவது முறை.

எவரெஸ்ட் கைகூடாத ஆண்டுகளில் வேறு சிகரங்கள் அவருக்குப் பள்ளிக்கூடமாயின. 1947-இல் சுவிட்சர்லாந்துக் குழுவோடு கார்வால் பகுதியில் கேதார்நாத் சிகரம் ஏறினார். 1951-இல் பிரெஞ்சுக் குழுவோடு நந்தா தேவிக்குப் போனார். அந்தக் குழுவில் இரண்டு பிரெஞ்சு வீரர்கள் மலையிலேயே காணாமற்போனார்கள். அவர்களைத் தேடும் முயற்சியில் டென்சிங்கும் லூயி துபோவும் நந்தா தேவி கிழக்குச் சிகரத்தின் உச்சி வரை ஏறினார்கள். தமது வாழ்நாளில் எவரெஸ்ட்டைவிடக் கடினமான ஏற்றம் அதுவே என்று டென்சிங் பிற்காலத்தில் குறிப்பிட்டார்.

இதற்குள் அவர் சிர்தார் ஆகியிருந்தார். நம் தோட்ட வழக்கில் சொன்னால் கங்காணி. ஆள் எடுப்பது, சுமை பிரிப்பது, கூலி பேசுவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

1952-ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையைத் திருப்பியது. நேப்பாளம் தன் எல்லையைத் திறந்துவிட்டதால், சுவிட்சர்லாந்துக் குழு தெற்குப் பக்கமாக எவரெஸ்ட் ஏற வந்தது. அவர்கள் டென்சிங்கைச் சிர்தாராக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. மலையேறும் வீரர்களில் ஒருவராகவும் சேர்த்துக்கொண்டார்கள். எவரெஸ்ட்டில் அந்த இடம் அவருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. அப்போது அவருக்கு வயது 38.

அவருக்கு ஜோடியாக அமைந்தவர் ரேமண்ட் லம்பேர். முன்பு ஆல்ப்ஸ் மலையில் பனிக்கடியால் கால்விரல்களை இழந்தவர். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. சைகையும் சில ஆங்கிலச் சொற்களும்தான். மே மாத இறுதியில் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில், படுக்கைப் பையும் அடுப்பும் இல்லாமல் ஒரு கூடாரத்தில் இரவைக் கழித்தார்கள். தூங்கினால் உறைந்துவிடுவோம் என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல், மெழுகுவர்த்தியின் சுடரில் பனியை உருக்கி நாக்கை நனைத்துக்கொண்டார்கள். மறுநாள் ஏறக்குறைய 8,595 மீட்டர் வரை ஏறினார்கள். உச்சிக்கு இன்னும் சுமார் 250 மீட்டர் இருந்தது. அதற்கு மேல் போனால் உயிரோடு இறங்க முடியாது என்று இருவருக்கும் தெரிந்தது. திரும்பினார்கள்.

அந்த உயரத்தில் திரும்புவதற்கு ஏறுவதைவிட அதிக மன உறுதி வேண்டும். விடாமுயற்சி என்றால் கண்ணை மூடிக்கொண்டு முன்னே போவது என்று சிலர் நினைக்கிறார்கள். டென்சிங் ஆறு முறை திரும்பி வந்தவர். அதனால்தான் ஏழாவது முறை போக அவர் உயிரோடு இருந்தார்.

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் சுவிட்சர்லாந்துக்காரர்கள் மீண்டும் முயன்றார்கள். கடுங்குளிரும் புயற்காற்றும் வாட்டின. ஒரு ஷெர்பா உயிரிழந்தார். குழு திரும்பியது. காய்ச்சலால் உடல் மெலிந்த டென்சிங், பாட்னாவில் மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று.

ஏழாவது பயணம்

படுக்கையிலிருந்து எழுந்த சில மாதங்களில் பிரிட்டிஷ் குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. ஆங் லாமுவுக்கு மனமில்லை. ஒரே ஆண்டில் இரண்டு முறை போய் உடல் கெட்டுத் திரும்பிய கணவரை மறுபடி அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? டென்சிங் போயே தீருவது என்று முடிவு செய்தார். கற்களைத் தம் முதுகுப்பையில் நிரப்பிக்கொண்டு டார்ஜிலிங் மேடுகளில் விடியற்காலை ஏறி இறங்கிப் பயிற்சி செய்தார் என்றால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் பையில் கல் சுமந்து பயிற்சி செய்வது அவருடைய வழக்கமாகவே இருந்தது.

1953-இல் காத்மாண்டுவில் பயணம் தொடங்கும் முன்பே ஒரு கசப்பு. பிரிட்டிஷ் தூதரகத்தில் குழுவின் வெள்ளைக்கார உறுப்பினர்களுக்கு அறைகள் தரப்பட்டன. ஷெர்பாக்களுக்குக் கொடுக்கப்பட்டது கழிப்பறை இல்லாத ஒரு வாகனக் கொட்டகை. மறுநாள் காலை ஷெர்பாக்கள் அந்தக் கொட்டகையின் முன்பாகவே சிறுநீர் கழித்துத் தங்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். சிர்தாரான டென்சிங் இரு பக்கமும் பேசி, கோபத்தைத் தணித்து, பயணத்தை நகர்த்தினார். சுமார் 350 சுமை தூக்கிகள் டன் கணக்கில் சாமான்களை மலையடிவாரத்துக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

குழுவின் தலைவர் கர்னல் ஜான் ஹன்ட். பனிப்பாறைகள் நிறைந்த பகுதியில் ஒருநாள் ஹிலாரி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தபோது விளிம்பு உடைந்து உள்ளே விழுந்தார். கயிற்றின் மறுமுனையில் இருந்த டென்சிங் நொடியில் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கினார். ஹிலாரி பிழைத்தார். அதிலிருந்து இருவரும் இணைந்து ஏறத் தொடங்கினார்கள்.

மே 26-ஆம் தேதி போர்டில்லன், எவன்ஸ் என்ற இருவர் தெற்குச் சிகரம் வரை போய், உச்சிக்கு 100 மீட்டர் இருக்கையில் களைத்துத் திரும்பினார்கள். அடுத்த வாய்ப்பு ஹிலாரிக்கும் டென்சிங்குக்கும் கிடைத்தது. மே 28-ஆம் தேதி லோவ், கிரிகரி, ஷெர்பா ஆங் நீமா ஆகிய மூவரும் சுமையோடு வந்து கடைசிக் கூடாரம் அமைக்க உதவிவிட்டு இறங்கினார்கள். மறுநாள் காலை ஹிலாரியின் காலணி உறைந்து கல்லாகியிருந்தது. அதை அடுப்பில் காட்டி இளக்குவதற்கே நெடுநேரம் ஆனது. டென்சிங் காலணியைக் கழற்றாமலேயே படுத்திருந்தார். அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம்.

காலை 6.30-க்குக் கிளம்பியவர்கள் 11.30-க்கு உச்சியை அடைந்தார்கள். ஹிலாரி கைகொடுக்க வந்தார். டென்சிங் அவரைக் கட்டி அணைத்துக்கொண்டார். பனிக்கோடரியில் கட்டியிருந்த ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேப்பாளம், இந்தியா ஆகிய நான்கு கொடிகளை டென்சிங் உயர்த்திப் பிடிக்க, ஹிலாரி எடுத்த படம்தான் உலகம் முழுதும் பரவியது. டென்சிங்கின் கழுத்தில் இருந்த சிவப்புத் துணி, முந்திய ஆண்டு தோழர் லம்பேர் கொடுத்தது.

உச்சியின் பனியில் சிறு குழி தோண்டி, தெய்வத்துக்குக் காணிக்கையாக மிட்டாய்களை வைத்தார். அவற்றோடு ஒரு பென்சில் துண்டும் இருந்தது. மகள் நீமா, மலையுச்சியில் வைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பியது. எழுதப் படிக்கத் தெரியாத தந்தை உலகத்தின் உச்சிக்குச் சுமந்து போனது பள்ளிக்குப் போகும் மகளின் பென்சில்.

சுமார் 15 நிமிடம் அங்கே நின்றார்கள். பிறகு இறங்கினார்கள்.

யார் முதலில்?

கீழே வந்தபோது வேறொரு மலை காத்திருந்தது. காத்மாண்டுவில் திரண்ட கூட்டம் டென்சிங்கைத் தோளில் தூக்கியது. அவர்தான் முதலில் உச்சியை மிதித்தார், களைத்துப் போன ஹிலாரியைக் கயிறு கட்டி இழுத்தார் என்று படம் வரைந்து தொங்கவிட்டார்கள். அவர் இந்தியரா, நேப்பாளியா என்ற சண்டையும் எழுந்தது. ஹிலாரிக்கும் ஹன்ட்டுக்கும் பிரிட்டன் சர் பட்டம் கொடுத்தது. டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம் மட்டுமே. இந்த வேறுபாடு குறித்து இன்றும் பேசப்படுகிறது.

சண்டையைத் தணிக்க, ஏறக்குறைய ஒரே நேரத்தில் இருவரும் உச்சியை அடைந்ததாகக் கூட்டறிக்கை வெளியிடப்பட்டது. ஆனால் கேள்வி ஓயவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1955-இல் வந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் டென்சிங் உண்மையைச் சொன்னார். ஹிலாரி முதலில் கால் வைத்தார். தாம் அவருக்குப் பின்னால் ஏறினோம் என்றார். தம்மை முதல் ஆளாக்கிப் பார்க்க ஆசியாவில் இலட்சக்கணக்கானவர்கள் ஆசைப்பட்டபோது, அந்தப் பெருமையைத் தாமே மறுத்தார். ஒரு கயிற்றில் பிணைந்து ஏறுபவர்களில் முன்னவர், பின்னவர் என்ற கணக்கு மலையேறிகளுக்குப் பொருளற்றது என்பதே அவர் நிலைப்பாடு.

இந்தியப் பிரதமர் நேரு அவரிடம் தனி அன்பு காட்டினார். இலண்டன் பயணத்துக்கு நல்ல உடை இல்லாத டென்சிங்குக்குத் தம் அலமாரியைத் திறந்து தம்முடைய உடைகளையே எடுத்துக் கொடுத்தார். 1954-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கழகம் தொடங்கப்பட்டபோது, களப் பயிற்சி இயக்குநர் பொறுப்பு டென்சிங்கிடம் தரப்பட்டது. 1976 வரை அங்கே பல தலைமுறை மாணவர்களுக்கு மலையேறக் கற்றுக்கொடுத்தார். 1959-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது.

பிள்ளைகள் ஏற வேண்டாம்

டென்சிங்குக்கும் டாக்குவுக்கும் பிறந்த மகன்களில் ஒருவர் ஜாம்லிங். சிறு வயதிலிருந்தே எவரெஸ்ட் ஏற ஆசைப்பட்ட அவருக்குத் தந்தை துணை நிற்கவில்லை. பிள்ளைகள் ஏறத் தேவையில்லாமல் இருக்கத்தான் தாம் ஏறினோம் என்பது டென்சிங்கின் எண்ணம். நல்ல பள்ளிகளில் படிக்க வைத்தார். ஜாம்லிங் அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பை முடித்தார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. வெளிக்காட்டில் நாம் பட்டது போதும், பிள்ளைகளாவது படித்து வேறு வேலைக்குப் போகட்டும் என்று பால்வாளி தூக்கிய நம் பெற்றோர் நினைத்ததும் இதையேதான். சுமையின் எடை சுமந்தவருக்குத் தெரியும். அதைப் பிள்ளையின் முதுகில் ஏற்ற அவர் விரும்பமாட்டார்.

1986-ஆம் ஆண்டு மே 9-ஆம் தேதி டார்ஜிலிங்கில் டென்சிங் காலமானார். இறுதிச் சடங்குக்கு ஹிலாரி வந்து நின்றார். தாம் பயிற்சி அளித்த கழகத்தின் வளாகத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. இன்று அங்கே அவருடைய சிலை நிற்கிறது. எவரெஸ்ட் போகிறவர்கள் வந்திறங்கும் லுக்லா விமான நிலையத்துக்கு 2008-இல் டென்சிங், ஹிலாரி இருவர் பெயரும் சூட்டப்பட்டது. ஹிலாரியின் பெயருக்கு முன்னால் டென்சிங்கின் பெயர் இருக்கிறது.

தந்தை இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1996 மே 23-ஆம் தேதி ஜாம்லிங் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். சரியாக ஓராண்டு கழித்து, 1997 மே 23-ஆம் தேதி, மலேசியாவின் எம்.மகேந்திரனும் என்.மோகனதாசும் அதே உச்சியில் நம் நாட்டுக் கொடியை ஏற்றினார்கள். எவரெஸ்ட் தொட்ட முதல் மலேசியர்கள் இரு தமிழர்கள் என்பது நமக்குப் பெருமை. அவர்கள் ஏறியது தெற்குப் பக்கப் பாதை. 1952-இல் லம்பேரும் டென்சிங்கும் உச்சிக்கு 250 மீட்டர் வரை போய்த் திரும்பிய அதே பாதை.

இப்போதும் ஒவ்வொரு மே மாதமும் யாராவது எவரெஸ்ட் ஏறிய செய்தி வருகிறது. படத்தில் கொடியோடு நிற்பவரின் பெயரை நாம் படிக்கிறோம். அவருக்கு முன்னே போய்க் கயிறு கட்டியவர்கள், கூடாரம் சுமந்தவர்கள், ஆக்சிஜன் உருளை தூக்கியவர்கள் பெரும்பாலும் ஷெர்பாக்கள். அடுத்த முறை அப்படியொரு செய்தியைப் பார்க்கும்போது அவர்கள் பெயரையும் தேடிப் பார்ப்போம். 1935-இல் 12 அணா கூலிக்கு வரிசையில் நின்ற டென்சிங்கின் பெயரையும் அன்று எந்தப் பத்திரிகையும் போடவில்லை.